நுழைவுத்தேர்வு: ஒரு நீளமான கொசுவத்தி

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இயர் எண்டிங், அது முடிஞ்சதும் ஆடிட்னு மூச்சு விட நேரமில்ல. அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல.

போன வாரம் லிஃப்ட்டுல ஒருத்தர் பிடிச்சுக்கிட்டார். கோயமுத்தூர்லேர்ந்து புரமோஷன்ல டெல்லிக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. மயூர் விஹார்ல எங்க வீட்டுலேர்ந்து நாலு தெரு தள்ளி வீடு. "சார், பையன் ஒன்பதாவது போறான். எந்தக் கோச்சிங்ல சேர்க்கலாம்? இப்பவே சேர்க்கலேன்னா லேட்டுன்னு எல்லாரும் சொல்றாங்களே"ன்னார். நாலாவது மாடியிலேர்ந்து கீழே வர்றதுக்குள்ள பதில் சொல்லிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். அவர் கேண்டீன் வரைக்கும் கூட வந்தார், டீயும் ஆறிப் போச்சு, பதில் முடியல. இது ஒரு வரியில சொல்ற சமாச்சாரம் இல்லைன்னு அப்பதான் உறைச்சுது. குறைஞ்சது அம்பது வருஷக் கதை. வாக்குக் கொடுத்தபடி எழுதிட்டேன். அவர் மாதிரி மாற்றலாகி வந்து முழிக்கிற மத்தவங்களுக்கும் உபயோகப்படலாம்.

எங்க வீட்டுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். திண்டுக்கல். அப்பா ஜவுளிக்கடையில கணக்கெழுதினவர். அண்ணன் எனக்கு மூணு வயசு மூத்தவன், 1994-ல பிளஸ் டூ. அவன் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் சென்னை தி.நகர் மாசிலாமணி தெருவிலேர்ந்து தபால்ல ஒரு கட்டு வந்துது. பிரில்லியன்ட் டுடோரியல்ஸ். 1970-ல ஆரம்பிச்ச நிறுவனம். ஐஐடி நுழைவுத்தேர்வுக்குத் தபால்லயே பாடம் அனுப்புவாங்க. நாம கணக்கைப் போட்டுத் திருப்பி அனுப்பினா திருத்தி வரும். ரிசல்ட் வந்ததும் பேப்பர்ல பக்கம் பூரா பாசான பசங்க போட்டோ. அந்த விளம்பரத்தை வெட்டிப் பீரோ கதவுல ஒட்டி வெச்ச வீடுகள் எனக்குத் தெரியும்.

இன்னிக்கு யோசிச்சா அதுல ஒரு பெரிய நியாயம் இருந்துச்சு. திண்டுக்கல்லுக்கும் அதே கட்டு, கௌஹாத்திக்கும் அதே கட்டு, டெல்லி சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் பையனுக்கும் அதே கட்டு. யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம். ஆனா அந்தக் கட்டைப் பிரிச்சு உட்காரச் சொல்றதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும். எங்க வீட்டுல அது இல்ல. அண்ணன் நாலாவது பாக்கெட்டோட நிறுத்திட்டான். மிச்சத்தையெல்லாம் அம்மா அரிசி டிரம் மேல மூடி போட வெச்சிருந்தாங்க. அந்தத் தாளோட தரம் அப்படி :-)

ஐஐடிக்குப் பொதுவா ஒரே நுழைவுத்தேர்வு 1960-களோட தொடக்கத்துலேயே வந்துடுச்சு. அப்போ கணக்கு, இயற்பியல், வேதியியலோட ஆங்கிலமும் ஒரு தாள். எல்லாம் விரிவா எழுதுற கேள்விதான், அப்ஜெக்டிவ் கிடையாது. எழுதினவங்களும் கொஞ்சம்தான். நம்ம ஊர்ப் பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்கு அது காதுல விழுந்த சேதி, அவ்வளவே. நமக்குத் தெரிஞ்ச நுழைவுத்தேர்வு வேற ஒண்ணு.

1978-ல தமிழ்நாட்டுல பியூசி போய் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்துது. முதல் பிளஸ் டூ பரீட்சை 1980-ல. அந்தக் காலத்துல மெடிக்கல், எஞ்சினியரிங் சீட்டுக்கு நேர்முகத் தேர்வு மார்க் உண்டு. சிபாரிசுக் கடிதம், 'ஆளைப் பார்த்துப் போடுற மார்க்'னு ஊர் முழுக்கப் பேச்சு. 1970-லேயே பெரியகருப்பன் வழக்குன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், இந்த நேர்முகமும் யூனிட் யூனிட்டா ஆள் எடுத்த முறையும் அலசப்பட்டிருக்கு. எம்ஜிஆர் ஆட்சியில 1984-ல பொது நுழைவுத்தேர்வு வந்துது. சிபாரிசுக்கு இடமில்லை, பேனாவும் ஓஎம்ஆர் தாளும்தான்னு அன்னிக்கு நடுத்தரக் குடும்பங்கள் சந்தோஷப்பட்டதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, நுழைவுத்தேர்வை இன்னிக்கு அநியாயம்னு சொல்ற அதே வீட்டுல, அது ஒரு காலத்துல நியாயத்தோட பேரால உள்ள வந்துது.

எஞ்சினியரிங்குக்கு மொத்தம் 300. பிளஸ் டூ கணக்கு நூறுக்கு, இயற்பியல் அம்பதுக்கு, வேதியியல் அம்பதுக்குன்னு 200. நுழைவுத்தேர்வு 100. 'கட்-ஆஃப் எவ்வளவு?'ங்கிற கேள்வி கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் வந்தது அப்பதான். மார்ச்சுல பரீட்சை முடிஞ்சதும் ஏப்ரல், மே ரெண்டு மாசம் கிராஷ் கோர்ஸ். அண்ணன் மதுரையில மாமா வீட்டுத் திண்ணையில படுத்துக்கிட்டுப் படிச்சான். திண்டுக்கல்லுல கூட அப்போ சொல்லிக்கிற மாதிரி வகுப்பு இல்ல. வத்தலகுண்டு, ஆத்தூர் பக்கத்துப் பசங்களுக்கு மதுரையில மாமாவும் இல்ல. இந்த வித்தியாசத்தை அன்னிக்கு நான் கவனிக்கல. நான் காமர்ஸ் குரூப். என்னை யாரும் எந்த நுழைவுத்தேர்வும் எழுதச் சொல்லல, 'நல்லாப் படிக்கிற பையன்'னும் சொல்லல. அந்தக் காயம் என் மகள் விஷயத்துல எப்படி வெளியில வந்துதுன்னு பின்னாடி சொல்றேன்.

இங்க ஒருத்தரைப் பத்திக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும். எம். ஆனந்தகிருஷ்ணன். வாணியம்பாடிக்காரர். வாஷிங்டன்ல இந்தியத் தூதரகத்துலயும் ஐநாவுலயும் வேலை பார்த்துட்டு, 1990-லேர்ந்து 1996 வரைக்கும் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர். எஞ்சினியரிங் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை வர முக்கியக் காரணம் அவர்தான். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியா விண்ணப்பம், தனித்தனியா அலைச்சல். அவர் காலத்துக்கப்புறம், ரேங்க் வாரியா கிண்டிக்குக் கூப்பிட்டு, திரையில மிச்சமிருக்கிற சீட்டைக் காட்டி, உனக்கு எது வேணும்னு கேட்டாங்க. வேட்டி கட்டின அப்பாக்கள் திரையை அண்ணாந்து பார்த்துட்டு நின்ன காட்சியைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம்னு.

2005 ஜூன்ல ஜெயலலிதா அரசு நுழைவுத்தேர்வை ரத்து பண்ணி ஆணை போட்டுது. ஹைகோர்ட் அதைத் தள்ளுபடி பண்ணிச்சு. 2006 தொடக்கத்துல சட்டமாவே கொண்டு வந்தாங்க, அதுவும் நிக்கல. ஆட்சி மாறினதும் கருணாநிதி அரசு ஒரு குழு போட்டுது. தலைவர் யாருங்கறீங்க? அதே ஆனந்தகிருஷ்ணன். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வு எப்படிச் சுவரா நிக்குதுன்னு புள்ளிவிவரத்தோட அறிக்கை வந்துது. அதை வெச்சு எழுதின சட்டத்துக்கு 2007 மார்ச்சுல குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைச்சுது. 2006-ல நடந்ததுதான் கடைசி நுழைவுத்தேர்வு. ரெண்டு கட்சிகளும் ஒரே பக்கம் நின்ன அபூர்வமான விஷயங்கள்ல இது ஒண்ணு.

வெளியூர்த் தமிழர்களுக்கு இந்தச் சட்டத்துல ஒரு சின்ன விஷயம் இருந்துச்சு. சிபிஎஸ்இ பிள்ளையோட மார்க்கை மாநிலப் பாடத்திட்ட மார்க்கோட எப்படி ஒப்பிடறது? ஒவ்வொரு போர்டுலயும் அந்தப் பாடத்துல எடுத்த உச்ச மார்க்கைச் சமமா வெச்சு மத்ததை விகிதப்படி மாத்தினாங்க. டெல்லியில படிச்சுட்டு ஊருக்குத் திரும்ப நினைச்ச குடும்பங்கள் கால்குலேட்டரோட உட்கார்ந்த கதையெல்லாம் உண்டு.

சரி, நுழைவுத்தேர்வு போச்சு. பதிலுக்கு என்ன வந்துது? நாமக்கல், ராசிபுரம். பதினொண்ணாவது பாடத்தை ஓரம் கட்டிட்டு, ரெண்டு வருஷமும் பன்னிரண்டாவது புத்தகத்தையே வரி விடாம உருப்போட வைக்கிற ஹாஸ்டல் பள்ளிகள். இது 2007-க்கு முன்னாடியே இருந்துதுதான். ஆனா பிளஸ் டூ மார்க் ஒண்ணே எல்லாம்னு ஆனப்புறம் அது பெரும் தொழிலாச்சு. கோழிப்பண்ணை ஊர்ங்கறதால 'பிராய்லர் பள்ளி'ன்னு பேரும் வந்துது. காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி ராத்திரி பத்து வரைக்கும் பரீட்சை. கட்டின பெத்தவங்களும் நம்ம சொந்தக்காரங்கதான், யாரையும் குத்தம் சொல்லல. ஆனா நியாயத்துக்காகச் சுவரை இடிச்சா, காசு இருக்கிறவன் அடுத்த சந்துல வேற ஏணி வெச்சான்.

இதே காலகட்டத்துல வடக்க என்ன நடந்துதுன்னு பார்க்கணும். இங்கயும் ஒரு ஆளோட கதை.

ராஜஸ்தான்ல கோட்டா. சம்பல் ஆத்துக் கரையில தொழிற்சாலை ஊர். ஜே.கே. சிந்தெடிக்ஸ்ல வி.கே. பன்சால்னு ஒரு எஞ்சினியர், பனாரஸ்ல படிச்சவர். தசைகள் கொஞ்சம் கொஞ்சமா செயலிழக்கிற நோய் வந்து சக்கர நாற்காலிக்கு வந்துட்டார். வீட்டுல உட்கார்ந்தே செய்யற வேலை வேணும். 80-களோட தொடக்கத்துல பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சார். அவர்கிட்டப் படிச்ச பசங்க ஒவ்வொருத்தரா ஐஐடிக்குள்ள போக, 1991-ல பன்சால் கிளாஸஸ். 1997-ல ஜே.கே. சிந்தெடிக்ஸ் மூடினாங்க. ஆயிரக்கணக்கான தொழிலாளிக் குடும்பங்கள் நடுத்தெருவுல. அந்த ஊரைத் தாங்கிப் பிடிச்சது யாருன்னா, வெளியூர்லேர்ந்து படிக்க வந்த பிள்ளைங்க. வேலை போன வீடுகள்ல அறை வாடகைக்கு விட்டாங்க, மெஸ் வெச்சாங்க. ஒரு ஆலை மூடின ஊர் பரீட்சையை வெச்சுப் பொழைச்சுது. வங்கியில வேலை பார்க்கிறவன்ங்கறதால எனக்கு இந்த இடம் எப்பவும் ஆச்சரியம். எந்தத் திட்ட அறிக்கையிலயும் யாரும் இதை எழுதிக் கடன் கேட்டிருக்க மாட்டாங்க, கேட்டிருந்தா நாங்களும் கொடுத்திருக்க மாட்டோம்.

தபால்ல வந்த கட்டுக்கும் கோட்டாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அங்க பாடம் பிள்ளையைத் தேடி வந்துது. இங்க பிள்ளை வீட்டை விட்டுப் பாடத்தைத் தேடிப் போச்சு. பதினாலு, பதினஞ்சு வயசுல. அந்த ஊர்லேர்ந்து வருஷா வருஷம் வர்ற தற்கொலைச் செய்திகளை இங்க விரிக்க எனக்கு மனசில்ல. ஹாஸ்டல் மின்விசிறிகள்ல ஸ்பிரிங் மாட்டணும்னு 2023-ல மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட வேண்டியிருந்துதுங்கிற ஒரு தகவல் போதும்.

டெல்லியில இதோட கிளை காலு சராய். ஹவுஸ் காஸ் மெட்ரோவில இறங்கி வெளியில வந்தா தெரியும், மாடிக்கு மாடி போர்டு. 1992-ல எஃப்ஐஐடிஜேஇஇ தொடங்கினது, அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா வந்தது. பக்கத்துல ஜியா சராய், ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ் கிலோ கணக்குல கிடைக்கிற இடம். எங்க காமர்ஸ் ஜாதிக்கு லக்ஷ்மி நகர், சிஏ படிக்கிற பிள்ளைங்க. ஐஏஎஸ்னா முகர்ஜி நகர், ராஜேந்தர் நகர். ஒரு ஊர்ல ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு பேட்டை, சாமிக்கு ஒரு தெரு மாதிரி.

ஐஐடிக்காரங்களும் சும்மா இருக்கல. கோச்சிங்கை ஒடுக்குறோம்னு அவங்க செஞ்சதைப் பட்டியல் போட்டா சிரிப்பு வரும். 2000-ல முதல்கட்டத் தேர்வுன்னு ஒண்ணைச் சேர்த்தாங்க. 2006-ல அதை எடுத்துட்டு முழுக்க அப்ஜெக்டிவ் ஆக்கினாங்க. பன்னிரண்டாவதுல 60 சதவீதம் வேணும், ரெண்டு தடவைக்கு மேல எழுதக் கூடாதுன்னும் விதி போட்டாங்க. 2013-ல மெயின், அட்வான்ஸ்டுன்னு மறுபடி ரெண்டு. அதே வருஷம் என்ஐடிகளுக்குப் பள்ளி மார்க்குக்கு 40 சதவீதம் கொடுத்தாங்க, 2017-ல எடுத்துட்டாங்க. ஒவ்வொரு தடவை விதி மாறும்போதும் பெத்தவங்களுக்குப் புரியல, கோச்சிங் சென்டருக்குத்தான் முதல்ல புரிஞ்சுது. குழப்பம் கூடக் கூட அவங்க வியாபாரமும் கூடிச்சு.

இதைத் தொழில்னு அரசாங்கம் எப்போ ஒத்துக்கிட்டுதுன்னா, 2003 ஜூலை 1. அன்னிக்குத்தான் வணிகரீதியான பயிற்சி வகுப்புகளைச் சேவை வரிக்குள்ள கொண்டு வந்தாங்க, அப்போ 8 சதவீதம். 2017-ல ஜிஎஸ்டி வந்தப்போ 18. பள்ளிக்கூட ஃபீஸுக்கு வரி கிடையாது, கோச்சிங் ஃபீஸுக்கு உண்டு. ஆனா கல்விக்கடன்னு எங்க கவுண்ட்டருக்கு வந்தீங்கன்னா கோச்சிங்குக்குத் தர மாட்டோம். கல்லூரியில சீட் கிடைச்சப்புறம்தான் அது. அதனால மக்கள் நகைக்கடனோ பர்சனல் லோனோ போடறாங்க. நகைக்கடன் ஃபாரத்துல 'எதற்காக' ங்கிற கட்டத்துல 'குடும்பச் செலவு'ன்னு எழுதுவாங்க. நானும் கேட்கிறதில்ல.

இப்போ என் சொந்தப் பேட்டைக்கு வர்றேன். காமர்ஸ்.

டெல்லி யூனிவர்சிட்டியில 2022 வரைக்கும் பெரும்பாலான டிகிரிப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பன்னிரண்டாவது மார்க்தான். ஒரு மொழி, மூணு பாடம், ஆக நாலோட சராசரி. கல்லூரி கட்-ஆஃப் போடும். அதுக்கு மேல இருக்கிற அத்தனை பேரையும் சேர்த்தே ஆகணும், சீட் இத்தனைதான்னு மறுக்க முடியாது. 2011 ஜூன்ல ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி, பள்ளியில காமர்ஸ் படிக்காதவங்களுக்கு பி.காம். ஆனர்ஸ் கட்-ஆஃப் 100 சதவீதம்னு போட்டுது. நாடே அதிர்ந்துது, மந்திரி கபில் சிபல் வரைக்கும் கண்டிச்சார்.

அப்போ நம்ம ஊர்க் காமர்ஸ் பிள்ளைங்களைப் பாருங்க. அக்கவுண்டன்சி 200, காமர்ஸ் 200, பிசினஸ் மேத்ஸ் 200, இங்கிலீஷ் 188. கூட்டினா 788, எண்ணூறுக்கு. 98.5 சதவீதம். ஈரோடு, கரூர், திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளிகள்ல இப்படி எடுக்கிற பிள்ளைங்க நிறைய. யாரோ ஒருத்தர் முதல்ல கண்டுபிடிச்சிருக்கணும், இந்த மார்க்குக்கு டெல்லியில கதவு திறக்கும்னு. 2016-ல முதல் கட்-ஆஃப் வந்தப்போ ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி பி.காம். ஆனர்ஸ்ல நிறையத் தமிழ்நாட்டுப் பிள்ளைங்கன்னு டெல்லிப் பத்திரிகைகள் எழுதிச்சு.

அந்த வருஷம் நான் வடக்கு கேம்பஸ் பக்கம், கமலா நகர் அருகே ஒரு கிளையில இருந்தேன். ஜூன் கடைசி, நாப்பது டிகிரி வெயில். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கிட்டு ஒரு குடும்பம் வந்துது. அப்பா, அம்மா, பையன், எவர்சில்வர் தூக்கு. அப்பா பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். இந்தியில பேச முடியாம கவுண்ட்டர்ல திணறினவர், என் மேசை மேல இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்துட்டு நேரா வந்து, "நீங்க தமிழுங்களா?"ன்னார். பையனுக்கு அக்கவுண்ட் திறக்கணும், டெல்லி முகவரிக்கு அத்தாட்சி இல்ல. ஆதார் திருப்பூர். எப்படியோ முடிச்சுக் கொடுத்தேன். அந்த ரெண்டு வாரத்துல அப்படி நிறையப் பேர் வந்தாங்க. "எங்க தெருவுல டெல்லிக்கு வந்த முதல் ஆளு இவன்தானுங்க"ன்னு அந்த அப்பா சொன்னப்போ அவர் கண்ணை நான் பார்க்கல, ஃபாரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

கல்லூரி வட்டாரத்துல முணுமுணுப்பு இல்லாம இல்ல. மனப்பாடம் பண்ணி வந்த மார்க்கு, தாராளமா மார்க் போடற போர்டுன்னாங்க. எங்க கிளையிலேயே ஒரு பஞ்சாபி சகா, "உங்க ஊர்ல மார்க் மரத்துல காய்க்குதா?"ன்னு கேட்டார். எனக்குக் கோபம் வந்துது. ராத்திரி யோசிச்சப்போ அந்தக் கேள்வியில பாதி சரிதான்னும் பட்டுது. பதினொண்ணாவது படிக்காமலே பன்னிரண்டாவதுல நூறு எடுத்த பிள்ளைங்களும் அதுல இருந்தாங்க. முதல் வருஷம் இங்கிலீஷ்லயும் கணக்குலயும் தடுமாறினவங்க உண்டு, மூணாவது வருஷம் கேம்பஸ்ல முன்னாடி நின்னவங்களும் உண்டு. என்கிட்டக் கணக்கு வெச்சிருந்த பிள்ளைங்களை வெச்சுத்தான் சொல்றேன்.

தமிழ்நாடு அரசுக்கும் இது தெரிஞ்சுதான் இருந்துது. 2017-18 கல்வியாண்டுல பதினொண்ணாவதுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தாங்க. பாடத்திட்டத்தை மாத்தப் போட்ட குழுவுக்கும் ஆனந்தகிருஷ்ணன்தான் தலைவர். பதினொண்ணாவது பொதுத்தேர்வு 2025-ல வந்த மாநிலக் கல்விக் கொள்கையில மறுபடி எடுக்கப்பட்டுது.

மெடிக்கல் கதை எல்லாருக்கும் தெரியும், வேகமாச் சொல்லிடறேன். நீட் 2013-ல ஒரு தடவை நடந்து, அதே ஜூலையில சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணி, 2016 ஏப்ரல்ல அந்தத் தீர்ப்பையே திரும்ப வாங்கிக்கிச்சு. தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷம் விலக்கு, 2017-லேர்ந்து கட்டாயம். பிளஸ் டூவில 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதா அந்த செப்டம்பர் 1-ஆம் தேதி இறந்தா. 2020-ல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021-ல சட்டசபை நிறைவேத்தின விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கலைன்னு 2025 ஏப்ரல்ல ஸ்டாலின் அறிவிச்சார்.

2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலை உச்சத்துல இருந்தப்போ, மூணாம் தேதி கோட்டாவுல பன்சால் காலமானார். இருபத்தொன்பதாம் தேதி சென்னையில ஆனந்தகிருஷ்ணன். ஒருத்தர் நுழைவுத்தேர்வை ஜெயிக்கிற வித்தையை ஒரு ஊர்த் தொழிலா மாத்தினவர், இன்னொருத்தர் அந்தத் தேர்வே வேண்டாம்னு அறிக்கை எழுதினவர். ரெண்டு பேரும் பிள்ளைங்க மேல அக்கறையோடதான் ஆரம்பிச்சாங்க. டெல்லியில ஆக்சிஜனுக்கு அலைஞ்ச அந்த மாசத்துல ரெண்டு செய்தியும் எனக்கு ரொம்பப் பின்னாடிதான் கண்ணுல பட்டுது.

அடுத்த வருஷம், 2022 மார்ச்சுல, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பொது நுழைவுத்தேர்வுன்னு யுஜிசி அறிவிச்சுது. க்யூட். தமிழ் உட்பட 13 மொழியில எழுதலாம். தமிழ்நாடு சட்டசபை ஏப்ரல்லயே எதிர்த்துத் தீர்மானம் போட்டுது. முதல் வருஷம் ஒரே கூத்து: ஜூலைல ஆரம்பிச்சு, சென்டர் மாத்தி, தேதி மாத்தி, செப்டம்பர்ல ரிசல்ட், நவம்பர்ல கிளாஸ். 2024-ல கூட டெல்லி சென்டர்களுக்கு மட்டும் முதல் நாள் பரீட்சையை முந்தின ராத்திரி தள்ளி வெச்சாங்க. இந்தத் தேர்வு என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டினது. 98.5 எடுத்த திருப்பூர்ப் பையனுக்கு அந்த மார்க் இப்போ தகுதி, அவ்வளவுதான். எவர்சில்வர் தூக்கோட வர்ற குடும்பங்களை அதுக்கப்புறம் நான் அதிகம் பார்க்கல. எனக்கும் கிளை மாறிடுச்சு, அதனால இதை ஆதாரமா எடுத்துக்காதீங்க. ஆனா காமர்ஸ் பிள்ளைக்கும் 'க்யூட் கோச்சிங்'னு லக்ஷ்மி நகர்ல போர்டு மாட்டினதை நானே பார்த்தேன். என் காலத்துல எங்களை யாரும் சீண்டலியேன்னு வருத்தப்பட்டேன் இல்லையா, அந்தக் குறை தீர்ந்துது :-)

இப்போ என் அசட்டுத்தனம். மகள் பத்தாவதுல நல்ல மார்க். அவ காமர்ஸ்னா. நான்தான் சயின்ஸ் எடுன்னேன். 'நல்லாப் படிக்கிற பிள்ளை'ன்னு ஒரு தடவையாவது என் வீட்டைப் பார்த்து யாராவது சொல்லணும்னு இருந்திருக்கு போல, இத்தனை வருஷத்துக்கப்புறமும். தங்கமணி வேண்டாம்னு சொன்னா, காதுல வாங்கல. பக்கத்துல ஒரு சென்டர், பேர் வேண்டாம். ரெண்டு வருஷ ஃபீஸையும் சேர்த்துக் கட்டினா தள்ளுபடின்னாங்க. பாதி ரொக்கம், பாதிக்குப் பின்தேதி செக். நாலு மாசத்துல பிள்ளை முகமே மாறிடுச்சு. சாயந்திரம் நாலரைக்குப் போய் எட்டரைக்கு வருவா, சாப்பிடாமப் படுத்துடுவா. ஒரு நாள் ராத்திரி, "அப்பா, எனக்கு அங்க ஒண்ணுமே புரியல. பதினஞ்சு நாளா புரியற மாதிரி நடிக்கிறேன்"னா. மறுநாளே நிறுத்திட்டேன். ஸ்கூல்லயும் கெஞ்சிக் கூத்தாடி காமர்ஸுக்கு மாத்தினோம்.

ஃபீஸைத் திருப்பிக் கேட்டப்போ, நான் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தோட பின்பக்கத்தைக் காட்டினாங்க. எந்தக் காரணத்துக்காகவும் பணம் திரும்பாதுன்னு பொடி எழுத்துல இருக்கு. தினமும் ஊருக்கெல்லாம் 'டாக்குமெண்ட்டைப் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க'ன்னு சொல்றவன் நான். பின்தேதி செக்குகளுக்கு ஸ்டாப் பேமெண்ட் கொடுத்தேன், எங்க கிளையிலேயே, எனக்குக் கீழ வேலை பார்க்கிற பொண்ணுகிட்ட. அவ ஒண்ணும் கேட்கல. அதுதான் ரொம்பச் சுருக்குன்னு இருந்துது.

அதனால லிஃப்ட் நண்பருக்குச் சொல்ல வேண்டியதில எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது சிலதுதான். பதினாறு வயசுக்குக் கீழ கோச்சிங் சென்டர்ல சேர்க்கக் கூடாதுன்னு மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில வழிகாட்டு விதி போட்டிருக்கு. ஒன்பதாவது பையனைச் சேர்க்கச் சொல்றவங்களை இதைப் பத்திக் கேளுங்க. பள்ளிக்கு வராமலே அட்டெண்டன்ஸ் தர்றோம்னு யாராவது சொன்னா பக்கமே போகாதீங்க. இந்த மாதிரி 'டம்மி' சமாச்சாரத்துக்காக 2024 நவம்பர்ல டெல்லியிலும் ராஜஸ்தான்லயுமா 21 பள்ளிகளோட அங்கீகாரத்தை சிபிஎஸ்இ ரத்து பண்ணிச்சு. எத்தனை பெரிய பேரா இருந்தாலும் ரெண்டு வருஷ ஃபீஸை முன்கூட்டிக் கட்டாதீங்க. 2025 ஜனவரியில எஃப்ஐஐடிஜேஇஇ சென்டர்கள் சிலது திடீர்னு மூடினப்போ வாசல்ல நின்ன பெத்தவங்களை டிவியில பார்த்திருப்பீங்க.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. மயூர் விஹார்லேர்ந்து நொய்டா பள்ளி பக்கம்தான், பஸ்ஸும் வரும். ஆனா டெல்லியோட டிடியூ, என்எஸ்யூடி மாதிரி எஞ்சினியரிங் கல்லூரிகள்ல 85 சதவீதம் சீட் டெல்லிக்குள்ள இருக்கிற பள்ளியில பன்னிரண்டாவது முடிச்சவங்களுக்கு. நொய்டா உத்தரப்பிரதேசம். யமுனைக்கு இந்தப் பக்கம் வீடு இருந்தும் பள்ளி எல்லை தாண்டினா அந்த ஒதுக்கீடு போச்சு. மெடிக்கல்னா பதினொண்ணு, பன்னிரண்டு ரெண்டும் டெல்லியில இருக்கணும். நம்மள மாதிரி மூணு வருஷத்துக்கொரு தடவை பெட்டி கட்டறவங்க கோச்சிங்குக்கு முன்னாடி பார்க்க வேண்டியது இந்தக் கணக்கு. எனக்கு அடுத்த மாற்றல் போன வருஷமே வந்திருக்கணும். மகள் பன்னிரண்டாவது முடிக்கட்டும்னு எழுதிக் கொடுத்துத் தள்ளி வெச்சிருக்கேன், புரமோஷனும் கூடவே தள்ளிப் போச்சு.

அவ இப்போ க்யூட்டுக்கு என்சிஇஆர்டி புத்தகத்தை வெச்சுத் தானே படிக்கிறா. அக்கவுண்டன்சியில சந்தேகம் வந்தா என்கிட்ட வருவா. பார்ட்னர்ஷிப் கணக்குல குட்வில் எனக்கும் கொஞ்சம் மறந்துதான் போயிருக்கு.

ஞாயித்துக்கிழமை நண்பர் குடும்பத்தோட வர்றார். தங்கமணி அடைக்கு ஊற வைக்கிறேன்னுருக்கா. மகள் தன்னோட பழைய சயின்ஸ் கோச்சிங் புத்தகத்தையெல்லாம் அட்டைப்பெட்டியில போட்டு வாசல்கிட்ட எடுத்து வெச்சிருக்கா. பையனுக்குக் கொடுக்கறதுக்கா, இல்ல கபாடிக்குப் போடறதுக்கான்னு கேட்டேன்.

"அவனைக் கேட்டுட்டுச் சொல்றேன்ப்பா"ன்னுட்டு உள்ள போயிட்டா.